கிலோமீட்டர் கம்மி, எஞ்சின் கிழடு: டவுனுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு முழுமையான வழிகாட்டி

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "சார், டவுனுக்குள்ளயே ஓடின வண்டி, கிலோமீட்டர் ரொம்பக் கம்மி." கேட்பவருக்கும் மனசு குளிர்ந்துவிடும். ஆனால் கும்பகோணத்தில் வீடு, கடைவீதி, பள்ளிக்கூடம், மறுபடி வீடு என்று ஆறு வருடமாகச் சுற்றி மீட்டரில் 30,000 காட்டும் ஒரு கார், தஞ்சாவூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய் வந்து 1 லட்சத்தைத் தாண்டிய அதே மாடல் கார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், சர்வீஸ் ஒழுங்காக நடந்திருக்கும் பட்சத்தில் நான் திருச்சிக்காரர் வண்டியைத்தான் முதலில் விசாரிப்பேன். எஞ்சினைத் தேய்ப்பது தூரம் மட்டும் இல்லை. சூடாகாமலே ஓடி, சூடாகாமலே நிற்பதும் தேய்க்கிறது, அதுவும் மீட்டரில் காட்டாமல்.

டெல்டாவில் இது கொஞ்சம் தூக்கலான பிரச்சினை, ஏனென்றால் நம் ஊர்கள் நெருக்கம். கும்பகோணத்திலிருந்து தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம் எல்லாமே பத்து கிலோமீட்டருக்குள். கிராமம் என்றால் மெயின் ரோடு, உரக்கடை, வயல், பால் சொசைட்டி, அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையம், எல்லாம் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று கிலோமீட்டர். ஒரே நாளில் எட்டு பத்துத் தடவை சாவியைத் திருகியிருப்போம், மொத்த ஓட்டம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

எது குட்டி ஓட்டம்?

கார் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், அதாவது எட்டுப் பத்து கிலோமீட்டருக்குள் ஓடி நிறுத்தி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மறுபடி எடுப்பது. பைக்குக்கு இது குறைவு, நான்கைந்து கிலோமீட்டர் ஓடினாலே பெரும்பாலும் சூடேறிவிடும். இதில் "ஆறிய பிறகு" என்பதுதான் முக்கியம். ஓடிச் சூடான வண்டியைக் காய்கறிக் கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி எடுப்பது இந்தக் கணக்கில் வராது.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். டேஷ்போர்டில் முள் நடுவில் வந்துவிட்டது, அல்லது அந்த நீல விளக்கு அணைந்துவிட்டது, சரி, எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைப்பார்கள். அது காட்டுவது கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூட்டை. ஆயில் அதற்குப் பின்னால்தான் மெதுவாக வரும். கூலன்ட் 85, 90 டிகிரியைத் தொட்ட பிறகும் ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் பல நிமிடம் ஓட வேண்டும்.

முதல் பத்து நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது

முதலில் ஆயில். சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலை எடுத்துக்கொண்டால், 40 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு. நம் ஊர் வெயிலில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் ஆயில்கூட 30 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும், மார்கழி காலையில் இன்னும் குறைவு. கெட்டியான ஆயிலைத் தள்ள எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது, பெட்ரோலும் கூடுதலாகப் போகிறது. அதோடு, நிறுத்தி வைத்த நேரத்தில் மேலே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் பக்கம் இருந்த ஆயிலில் பெரும்பகுதி கீழே வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அழுத்தம் கொடுத்து ஆயில் மறுபடி மேலே ஏறும் வரை, அந்தச் சில விநாடி, மெல்லிய படலத்தை நம்பித்தான் உலோகம் உலோகத்தோடு ஓடுகிறது.

அடுத்தது பெட்ரோல். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுசாக ஆவியாகாது, அதனால் கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் தெளிக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் நாம் சோக் இழுப்போமே, அதே வேலையை இப்போது அதுவாகவே செய்கிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப் போகிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிகச் சூடு வேண்டும், ஈரத்தையும் இழுக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயம் இல்லை, டவுனுக்குள் சுற்றும் வண்டிக்குக் கொஞ்சம் கவனம் தேவை.

மூன்றாவது, யாரும் நம்பாத ஒன்று: தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக, உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் சூடாக இருந்தால் அது புகையோடு வெளியே போய்விடும். சூடாகவில்லை என்றால், சோற்றுப் பானை மூடியில் நீர் கோர்ப்பதுபோல, சைலன்சருக்குள்ளும் வால்வ் கவருக்குள்ளும் கோர்த்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர், ரிங்கைத் தாண்டி வரும் எரிபுகை, ஆயில் மூன்றும் சேர்ந்தால் அமிலமும் சேறும்தான். அமிலத்தை அடக்க ஆயிலில் மருந்து கலந்துதான் விற்கிறார்கள். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவானால் அந்த மருந்து ஒருநாள் தீர்ந்துதானே போகும்.

நான்காவது பேட்டரி. அதைத் தனியாகப் பார்ப்போம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் இது பற்றிப் பெரும்பாலும் எழுதியிருப்பவர்கள் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள். மைனஸ் பத்தில் ஸ்டார்ட் செய்பவருக்கு இருக்கும் சேதம் மன்னார்குடியில் 28 டிகிரியில் ஸ்டார்ட் செய்பவருக்கு இல்லை. நமக்கு எஞ்சின் சீக்கிரம் சூடேறும். அதனால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அதற்காக நமக்கு இந்தத் தொல்லையே இல்லை என்றும் இல்லை, மூன்று கிலோமீட்டரில் எந்த ஊரிலும் கார் ஆயில் முழுசாகச் சூடாகாது.

முதல் வேலை: உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள்

ஒரு வாரத்துக்கு டேஷ்போர்டில் ஒரு சீட்டை ஒட்டி, ஆறின வண்டியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில் ஓடிய கிலோமீட்டரைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். காரில் விடை ஐந்துக்குக் கீழே வந்தால் நீங்கள் முழுக்க இந்தக் கூட்டம். ஐந்திலிருந்து பத்து என்றால் பாதிப் பாதி. பத்துக்கு மேல் என்றால் கீழே இருப்பதில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை, பேட்டரிப் பகுதியைப் படித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

அப்புறம் வண்டியோடு வந்த மானுவலை எடுங்கள். எங்கேயோ டிக்கியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். அதில் சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்திலேயே "கடினமான பயன்பாடு" என்ற அர்த்தத்தில் இன்னொரு பகுதி பல வண்டிகளுக்கு இருக்கும். தூசு நிறைந்த சாலை, சேற்று வழி, பாரம் இழுப்பது இவற்றோடு, திரும்பத் திரும்பக் குறைந்த தூரம் ஓட்டுவதையும் அதில்தான் சேர்த்திருப்பார்கள். நம்மில் பலர் நெடுஞ்சாலைக்காரனுக்கான அட்டவணையைப் பார்த்துக்கொண்டு டவுன் வண்டி ஓட்டுகிறோம்.

இரண்டாவது: மூடியையும் குச்சியையும் பாருங்கள்

காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால், சமதளத்தில். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறத்தில் பாலாடைபோல ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கிறதா? மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், டவுன் வண்டிகளில் இது சகஜம். உடனே "ஹெட் கேஸ்கட் போச்சு" (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) என்று யாராவது சொன்னால் நம்பி எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். குச்சியில் ஆயில் தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் பிசுக்கு என்றால் அது கோர்த்த ஈரம். நல்ல ஓட்டம் ஒன்றிரண்டு போனால் குறையும். குச்சியிலேயே ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்து, ரேடியேட்டர் டப்பாவில் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்து, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் அப்போது வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

குச்சியில் இன்னொன்றும் பாருங்கள், அளவு. குறைந்தால் எல்லோரும் கவலைப்படுவோம். ஏறினால்? ஊற்றாமலே ஆயில் அளவு மேலே ஏறியிருந்தால் பெட்ரோலோ டீசலோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். மோந்து பார்த்தால் வாசனையே சொல்லும். "பரவாயில்லையே, ஆயிலே குடிக்கலை நம்ம வண்டி" என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், குறைவதும் கலப்பதும் சமமாகி அளவு நகராமலே நிற்பதும் உண்டு.

காலையில் சைலன்சர் நுனியில் தண்ணீர் சொட்டினால் அது நோய் இல்லை. ஆனால் தினமும் சொட்டச் சொட்ட வண்டியை நிறுத்தினால் சைலன்சர் உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வெளியே உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே சைலன்சர் ஓட்டை விழுவது சீக்கிரம், ஓட்டுபவரின் குற்றம் அதில் பாதிதான்.

மூன்றாவது: ஸ்டார்ட் செய்யும் விதம்

ஐந்து நிமிடம், பத்து நிமிடம் வாசலிலேயே ஐடிலில் விட்டு "சூடு பண்ணுகிற" பழக்கத்தை விட்டுவிடுங்கள். சும்மா நின்று ஓடும் எஞ்சின் ரொம்ப மெதுவாகத்தான் சூடேறும், அவ்வளவு நேரமும் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அதையே கூட்டுகிறோம். கியர் பாக்ஸும் டயரும் வீல் பேரிங்கும் நின்ற இடத்தில் சூடாகவும் போவதில்லை.

சாவியைப் போட்டு விளக்குகள் அணையும் வரை இரண்டு விநாடி. ஸ்டார்ட். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள், அந்த "வ்ரூம் வ்ரூம்" பழைய லாரிக்காரர் வழக்கம், அதுவும் ஆயில் மேலே ஏறாத நேரத்தில். கதவைச் சாத்தி, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடி சரிசெய்யும் நேரம் போதும், இருபது முப்பது விநாடி. கிளம்பிவிடுங்கள். முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காரில் 2,500 ஆர்பிஎம், டீசலில் 2,000 ஆர்பிஎம் பக்கம் வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டுங்கள். உயர்ந்த கியரில் இழுத்து எஞ்சினைத் திணறடிக்கவும் வேண்டாம். ஆற்றங்கரைச் சாலையில் அதைவிட வேகமாகப் போக வழியும் இருக்காது, அது ஒரு வசதி.

டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி, இருக்கும் வண்டி என்றால் இந்த நிதானம் இன்னும் முக்கியம். டர்போவின் தண்டு சுற்றுவது அதே ஆயில் படலத்தின் மேல்தான்.

நான்காவது: வேலைகளைக் கோர்த்துக்கொள்ளுங்கள், தூரமானதை முதலில்

எல்லாவற்றிலும் காசு செலவில்லாத வழி இதுதான், எல்லோரும் தலைகீழாகச் செய்வதும் இதைத்தான். கும்பகோணத்திலிருந்து மூன்று வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுவாமிமலையில் ஒருவரைப் பார்க்க வேண்டும், தாராசுரத்தில் ஒரு வேலை, கடைவீதியில் மளிகை. வழக்கமாகப் பக்கத்தில் இருப்பதை முதலில் முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சாயங்காலம் தூரமானதற்குப் போவோம். மாற்றிப் போடுங்கள். முதலில் நிற்காமல் சுவாமிமலை, திரும்பும்போது தாராசுரம், கடைசியில் கடைவீதி. முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் சூடேறிவிட்டது, அதற்கு அப்புறம் நிறுத்தி நிறுத்தி எடுப்பதெல்லாம் சூடான ஸ்டார்ட். நம் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாலும் எஞ்சின் முழுசாக ஆறாது. மூன்று குளிர் ஸ்டார்ட் ஒன்றாகக் குறைந்தது.

ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் காரைத் தொடாதீர்கள். தெருமுனைப் பால் பூத்துக்குக் கார் எடுக்கிறவரிடம் எஞ்சின் ஆரோக்கியம் பேசி என்ன பயன்? சைக்கிள் இருக்கிறது, கால் இருக்கிறது, நம் ஊரில் மேடு என்று ஒன்று ஆற்றுப் பாலம் ஏறும்போதுதான் வரும்.

ஐந்தாவது: வாரம் ஒரு முறை நிஜமான ஓட்டம்

காருக்கு முப்பது நாற்பது நிமிடம், நிற்காமல், நான்காம் ஐந்தாம் கியரில், 60லிருந்து 80 வேகத்தில். கும்பகோணத்துக்காரருக்குத் தஞ்சாவூர் சாலை இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர், கச்சிதம். திருவாரூர்க்காரர் நாகப்பட்டினம் போய் வரலாம், மயிலாடுதுறைக்காரர் தரங்கம்பாடி போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். சும்மா பெட்ரோலைக் கொளுத்தச் சொல்லவில்லை. எப்படியும் வாரத்தில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வெளியூரில் இருக்கும், பஸ்ஸில் போவதற்குப் பதில் அந்த ஒரு தடவை காரை எடுங்கள் என்கிறேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், ஆயில் 90, 100 டிகிரிக்கு வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் அதில் கலந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக மறுபடி உள்ளே இழுக்கப்பட்டு எரிந்துவிடும். பிளக்கில் படிந்த கரி எரியும், சைலன்சர் காயும், பேட்டரி நிரம்பும். ஆனால் இது டீசலுக்கு முழுசாகப் பொருந்தாது. டீசல் ஆவியாக 180 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆயில் அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஆயிலில் கலந்த டீசலை எவ்வளவு ஓட்டினாலும் விரட்ட முடியாது, ஆயிலை மாற்றினால்தான் உண்டு.

ஆறாவது: ஆயிலுக்கு மீட்டர் பார்க்காதீர்கள், காலண்டர் பாருங்கள்

"அண்ணே, 3,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, இன்னும் 7,000 ஓட்டலாமே" என்று பட்டறையில் சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது, என்பது பொதுக் கணக்கு. அந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை. குட்டி ஓட்டக்காரர்கள் இதையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்: ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர். சின்னக் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். அந்தச் செலவையும் எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாக்குவாதமே வராது. ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள், பழைய ஃபில்டருக்குள்ளேயே கொஞ்சம் பழைய ஆயில் தங்கியிருக்கும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் என் யோசனை: ஒன்று மழை ஓய்ந்த தையில், இன்னொன்று ஆடி முடிந்ததும். மழைக்காலத்து ஈரம் முழுக்க வாங்கிய ஆயிலைக் கோடை வரை வைத்திருக்க வேண்டாம்.

ஆயில் ரகத்தை மானுவல் சொன்னபடி போடுங்கள். "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் புது எஞ்சினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குளிர் ஸ்டார்ட்டில் மேலே ஏறவே திணறும் ஆயிலை, குளிர் ஸ்டார்ட் மட்டுமே செய்யும் வண்டிக்கு ஊற்றுவது என்ன கணக்கோ தெரியவில்லை.

பேட்டரி

ஒரு ஸ்டார்ட்டுக்கு மோட்டார் 150, 200 ஆம்பியர் இழுத்தாலும் அது ஓரிரு விநாடிதான், செலவான மின்சாரத்தை ஆல்டர்நேட்டர் சில நிமிடத்தில் திருப்பிவிடும். அப்படியானால் பேட்டரி ஏன் டவுன் ஆகிறது? மழை நாள் சாயங்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஹெட்லைட், வைப்பர், ஏசி, பாட்டு எல்லாம் ஓடுகிறது, ரயில்வே கேட்டில் வண்டி ஐடிலில் நிற்கிறது. பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். அப்புறம் மூன்று நாள் வண்டி நின்றால் அலாரமும் கடிகாரமும் கொஞ்சம் குடிக்கும். இப்படி எப்போதும் முக்கால் வயிற்றிலேயே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன், டெர்மினலில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் அது செல்ஃப் எடுத்ததே பெரிய விஷயம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும், சில புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அதை ஏற்றி இறக்கும், பயப்பட வேண்டாம். காலை அளவு 12.4ஐத் தாண்டாத நிலை தொடர்ந்தால் மாதம் ஒரு முறை சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போடுங்கள். வெளிநாடு போன மகனின் கார் ஷெட்டில் நிற்கிறது, வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறோம் என்கிறவர்கள் நம் பக்கம் ஏராளம். அந்த ஐந்து நிமிடம் வண்டிக்கு நன்மையைவிடக் கெடுதல்தான். ஓட்டுவதானால் அரை மணி ஓட்டுங்கள், இல்லையென்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு சும்மா விடுங்கள்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு

குட்டி ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது நீங்கள்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் கார்களுக்கு டிபிஎஃப் என்ற கரி பிடிக்கும் ஃபில்டர் வந்தது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசல் தெளித்து அந்த ஃபில்டரை 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரித்துவிடும். அதற்குச் சூடான எஞ்சினும் பதினைந்து இருபது நிமிடத் தொடர் ஓட்டமும் வேண்டும். எரிக்க ஆரம்பிக்கும்போதே நீங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சாவியைத் திருப்பிவிட்டால், கரி அப்படியே இருக்கும், தெளித்த டீசலில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கும். மறுநாளும் அதே கதை. ஃபில்டர் அடைப்பதும் ஆயில் அளவு ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் மறைத்துவிட்டு ஓட்டாதீர்கள். விளக்கு மட்டும் எரிகிறது, வண்டி இழுவை குறையவில்லை என்றால், உடனே நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போய் 60க்கு மேல், ஒரு கியர் குறைவாக, 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கு மின்னினாலோ இழுவை குறைந்தாலோ சர்வீஸ் சென்டரில் கருவி போட்டுத்தான் எரிக்க வேண்டும். ஃபில்டரையே மாற்றச் சொல்லும் நிலை வந்தால் செலவு சாதாரணம் இல்லை. நிறுத்தும்போது கூலிங் ஃபேன் வழக்கத்துக்கு மாறாகக் கத்துகிறது, ஐடில் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, சூட்டு வாடை வருகிறது என்றால் எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்து நிறுத்துங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சம்பா அறுவடை நேரத்தில் சாலையோரம் வைக்கோல் பரந்து கிடக்கும். டிபிஎஃப் எரிந்துகொண்டிருக்கும் வண்டியையோ, நீண்ட ஓட்டம் ஓடிய எந்த வண்டியையோ காய்ந்த வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். அடியில் சிக்கிய வைக்கோல் பற்றிக்கொண்டால் வண்டியும் போகும், பக்கத்துப் போரும் போகும்.

புதிதாக வாங்கப் போகிறீர்கள், மாதம் முழுக்க டவுன் ஓட்டம்தான் என்றால் டீசல் பக்கமே போகாதீர்கள். டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் இந்த வேலைக்கு எவ்வளவோ மேல். வீட்டில் இரண்டாவது வண்டியாக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருந்தால் குட்டி ஓட்டங்களை எல்லாம் அதன் தலையில் கட்டிவிடலாம், அதற்குச் சூடாக ஆயிலும் இல்லை, கோர்க்கத் தண்ணீரும் இல்லை.

பைக், ஸ்கூட்டர், எக்ஸெல்

காற்றில் குளிரும் சின்ன எஞ்சின் சீக்கிரம் சூடேறும், அந்த விதத்தில் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் ஆயில் ஒரு லிட்டருக்குள்தான், அதனால் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் உடனே கெடும். 3,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் பைக்குக்கு டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்றும் ஸ்கூட்டருக்கு எம்பி என்றும் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், மிச்சமிருந்த கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அதையே உதையுங்கள், அந்தச் சின்னப் பேட்டரிக்குப் பெரிய உதவி.

எக்ஸெல்லில் உர மூட்டையோ புல்லுக்கட்டோ ஏற்றிக்கொண்டு ஸ்டார்ட் செய்த கையோடு முழு ஆக்ஸிலரேட்டர் திருகி வரப்பு ஏற்றுவது நம் ஊர் வழக்கம். மூட்டையை ஏற்றும் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து, ஏற்றிக் கட்டும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள், ஒரு நிமிடம் போதும். பிளக்கை வருடம் இரண்டு முறை கழற்றிப் பாருங்கள்: வெளிர் பழுப்பு என்றால் நலம், உலர்ந்த கருப்புக் கரி என்றால் குட்டி ஓட்டம் அல்லது அடைந்த ஏர் ஃபில்டர், ஈரமான எண்ணெய்க் கருப்பு என்றால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம்.

ஏர் ஃபில்டரையும் மறக்க வேண்டாம். தை மாசியில் அறுவடை மெஷின் ஓடும் வயலோரத்தில் தினமும் போய் வந்தால் உமித்தூசி ஒரே மாதத்தில் அடைத்துவிடும். கூடவே, அதிகம் ஓடாத வண்டியின் பானெட்டுக்குள் எலி கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். நாலு நாள் நின்ற வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்

மீட்டரைக் காட்டி "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வண்டி டவுனுக்குள்ளதான் ஓடுது, தினம் நாலஞ்சு கிலோமீட்டர்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், நல்ல மெக்கானிக் அதைக் கேட்டதும் பார்க்கும் இடங்களே மாறும். எஞ்சினின் மூச்சுக்குழாயில் இருக்கும் பிசிவி வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் ஈரம் வெளியேற வழியே கிடையாது. டீசல் என்றால், புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இறக்கிய பழைய ஆயிலைக் காட்டச் சொல்லி விரலில் தொட்டுப் பாருங்கள், தண்ணீராக ஓடினால் அடுத்த தடவை இன்னும் ஒரு மாதம் முன்னாலேயே மாற்றிவிடலாம்.

"எஞ்சின் ஃப்ளஷ் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள், உள்ளே இருக்கும் சேற்றைக் கரைத்துக் கழுவும் மருந்து அது. பல வருடச் சேறு இருக்கும் எஞ்சினில் அது ஒரே நேரத்தில் பெயர்ந்து வந்து ஆயில் பம்ப் வாயில் இருக்கும் வலையை அடைக்க வாய்ப்பு உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசை வைத்து அடுத்த இரண்டு ஆயில் மாற்றத்தை மூன்று மூன்று மாதத்தில் செய்யச் சொல்லுங்கள், நல்ல ஆயிலே மெதுவாகக் கழுவிக்கொண்டு வந்துவிடும்.